பேத்தாலஜிஸ்ட் கிட்ட கேளுங்க: டிகிரி, கையெழுத்து, கல்கத்தாவுல ஒரு முயல் குடல்

வணக்கம். எம்.டி பேத்தாலஜி (திசு, ரத்தம் பாத்து என்ன வியாதின்னு சொல்ற படிப்பு) முடிச்சு 25 வருஷத்துக்கு மேல ஆச்சு, பாதி அரசு மருத்துவக் கல்லூரில, பாதி சொந்த லேப்ல. எங்க படிப்பு பத்தியும், லேப்ல தினமும் தொடுற சாமான், டெஸ்ட் எல்லாம் எங்க இருந்து வந்துச்சுன்னும் கேக்கச் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன்: பயாப்ஸிக்கு திசு எடுத்தா ஃபார்மலின்ல (திசு கெடாம வைக்கற திரவம்) போடுங்க, சலைன்ல (உப்புத் தண்ணி) போடாதீங்க.

மேடம், பேத்தாலஜிஸ்ட்னா லேப் டெக்னீசியன் தானே?

இல்லப்பா. எம்.பி.பி.எஸ் முடிச்சுட்டு அதுக்கு மேல 3 வருஷம் எம்.டி இல்லன்னா டி.என்.பி படிச்ச டாக்டர். டெக்னீசியன் வேற படிப்பு, வேற வேலை, அவங்க இல்லாம என்னால ஒரு ஸ்லைடு கூட பாக்க முடியாது.

டி.எம்.எல்.டி (லேப் டெக்னீசியன் டிப்ளமோ) முடிச்சவர் மட்டும் கையெழுத்து போட்ட ரிப்போர்ட் செல்லுமா?

பேத்தாலஜில பி.ஜி முடிச்ச, பதிவு பண்ண டாக்டர் தான் லேப் ரிப்போர்ட்ல எதிர்கையெழுத்து போடணும்னு சுப்ரீம் கோர்ட் 2017 டிசம்பர்ல சொல்லிடுச்சு. அதுலயும் பயாப்ஸி, எஃப்.என்.ஏ.சி (மெல்லிசு ஊசில செல்ல உறிஞ்சி எடுத்துப் பாக்கறது), போன் மாரோ (எலும்பு மஜ்ஜை) இதெல்லாம் ஒரு ஆள் மைக்ராஸ்கோப்ல கண்ண வச்சு பாத்து எழுதுறது. அதுல பேரும் ரெஜிஸ்டர் நம்பரும் இல்லாம ஒரு கிறுக்கல் மட்டும் இருந்தா யார் பாத்தாங்கன்னு லேப்ல கேளுங்க, கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு.

ஆபரேஷன் நடக்கும்போதே கேன்சரான்னு சொல்றாங்களே, அத யார் கண்டுபிடிச்சது?

ஃப்ரோசன் செக்‌ஷன். திசுவ உறைய வச்சு வெட்டறத முன்னாடியே சிலர் செஞ்சிருக்காங்க, ஆனா தியேட்டர்ல நம்பி உபயோகிக்கற மாதிரி ஆக்கினது அமெரிக்காவுல மேயோ கிளினிக் பேத்தாலஜிஸ்ட் லூயிஸ் வில்சன், 1905. பேஷண்ட் டேபிள்ல இருக்கும்போதே கட்டி கேன்சரா இல்லையான்னு சொல்ல ஒரு வழி பண்ணுங்கன்னு சர்ஜன் வில்லியம் மேயோ கேட்டிருக்கார். அங்க அப்ப கடுங்குளிர்காலம், அந்த வெளிக்குளிர்லயே திசுவ உறைய வச்சு, மெல்லிசா சீவி, மெத்திலின் ப்ளூ சாயம் போட்டு பாத்தார் மனுஷன். இன்னைக்கு கிரையோஸ்டாட்ல (உறைய வச்சு சீவற மெஷின்) மைனஸ் 20 டிகிரில அதையே தான் செய்றோம்.

துளி அளவு திரவத்த அளந்து எடுக்கற மைக்ரோபிப்பெட்ட யார் கண்டுபிடிச்சது?

ஜெர்மனி மார்பர்க்ல ஹைன்ரிக் ஷ்னிட்கர்னு ஒரு டாக்டர், 1957. வாயால உறிஞ்சற வேலை பிடிக்காம ஸ்பிரிங் வச்ச பிஸ்டனும் கழட்டி மாட்டற டிப்பும் செஞ்சார். நான் படிக்கும்போது ஹீமோகுளோபின் பாக்க சாலி பிப்பெட் தான், பின்னாடி ரப்பர் டியூப், அத வாய்ல வச்சு 20 மைக்ரோலிட்டர் கோடு வரைக்கும் ரத்தத்த உறிஞ்சணும், கோட்டைத் தாண்டிட்டா நுனிய பஞ்சுல தொட்டு கொறைக்கணும், யார் ரத்தம் என்ன வியாதின்னு எதுவும் தெரியாது. இன்னமும் எங்கயாவது வாயால உறிஞ்சறாங்கன்னா தயவுசெஞ்சு நிறுத்துங்க.

நம்ம நாட்டு பேத்தாலஜிஸ்ட் யாராவது லேப்ல பெருசா கண்டுபிடிச்சிருக்காங்களா?

இந்தக் கேள்விக்குத் தான் காத்துட்டு இருந்தேன். சம்பு நாத் டே. 1915ல ஹூக்ளி மாவட்டத்து கிராமத்துல பொறந்தவர், 1939ல கல்கத்தாவுல எம்.பி (அப்ப டாக்டர் டிகிரி), 1942ல டி.டி.எம் (வெப்பமண்டல வியாதி டிப்ளமோ), அப்புறம் லண்டன்ல ராய் கேமரன்ங்கற பேத்தாலஜிஸ்ட் கிட்ட 1949ல பி.எச்.டி. திரும்பி வந்தா ஊர்ல காலரா. காலரா கிருமி மனுஷன எப்படி கொல்லுதுன்னு யாருக்கும் பிடிபடல. ஜெர்மன் விஞ்ஞானி ராபர்ட் கோக் கல்கத்தாவுக்கு வந்து 1884லயே கிருமிய உறுதிப்படுத்திட்டார், அது ஏதோ விஷம் விடுதுன்னு சந்தேகமும் பட்டார். அதுக்கப்புறம் 70 வருஷமா எல்லாரும் அத ரத்தத்துலயும் வயித்து உறையிலயும் ஊசி போட்டு தேடிட்டு இருந்தாங்க. டே குடல்ல தேடினார். முயலோட சிறுகுடல்ல கொஞ்ச நீளத்த ரெண்டு பக்கமும் நூலால கட்டி, நடுவுல காலரா கிருமிய ஊசில விட்டு, வயித்தத் தச்சு, மறுநாள் தொறந்து பாத்தார். கட்டின துண்டு மட்டும் பலூன் மாதிரி ஊதி, உள்ள அரிசி கழுவுன தண்ணி மாதிரி நிக்குது, பக்கத்துல கிருமி விடாம சும்மா கட்டி வச்ச துண்டு சப்பையா கிடக்குது. இது 1953. நூலும் ஊசியும் முயலும் தான் செலவு.

1959ல கிருமிய முழுசா வடிகட்டிட்டு, அது வளர்ந்த திரவத்த மட்டும் விட்டார். அப்பவும் ஊதுச்சு. அப்படின்னா கிருமி வெளிய விடுற ஒரு பொருள் தான் தண்ணிய இழுக்குது. நேச்சர் பத்திரிகைல சின்ன கட்டுரையா வந்துச்சு.

மேடம், மிகைப்படுத்தறீங்க. 1915லயே பிரெஞ்சுக்காரங்க குடல கட்டி பாத்துட்டாங்க. பம்பாய் ஹாஃப்கின் ஆராய்ச்சி நிலையத்துல தத்தா குழுவும் அதே 1959ல விஷம்னு காட்டினாங்க. டே என்ன புதுசா செஞ்சார்?

படிச்சுட்டு கேக்கறீங்க, சந்தோஷம். ரெண்டுமே உண்மை. 1915 வேலைய டேவும் பாக்கல, உலகமும் மறந்துடுச்சு, அத வச்சு அடுத்த படி யாரும் ஏறல. தத்தா குழு முயல் குட்டிங்களுக்கு கிருமிய உடைச்சு எடுத்த சாறு குடுத்தாங்க, பேதி வந்துச்சு, நல்ல வேலை, அவங்க பேரும் சொல்லணும். ஆனா உடைச்ச சாறுல கிருமியோட உடம்புக்குள்ள இருக்கறதும் கலந்திருக்கும். டே குடுத்தது கிருமியே இல்லாத வடிகட்டின திரவம், அதனால தான் கிருமி அத வெளிய விடுதுன்னு அடிச்சு சொல்ல முடிஞ்சுது. அதோட அந்தக் கட்டின குடல் ஒரு டெஸ்ட்டாவே நின்னுடுச்சு, 1956ல டேவே அதுல ஈ கோலைங்கற குடல் பாக்டீரியாவ போட்டு அதுல சில வகையும் இதே மாதிரி தண்ணி இழுக்குதுன்னு காட்டினார். 1969ல விஷத்த தனியா பிரிச்சு எடுத்தாங்க.

எம்.டியே இல்லாதவர், அவர பேத்தாலஜிஸ்ட்னு சொல்லலாமா? மேல நீங்க தானே டிகிரி பாக்கச் சொன்னீங்க.

அவர் கல்கத்தா மெடிக்கல் காலேஜ்ல 1955ல இருந்து பேத்தாலஜி, பாக்டீரியாலஜி துறைத் தலைவர். அந்தக் காலத்து தகுதி அவர்கிட்ட இருந்துச்சு. இன்னைக்கு உங்க அம்மா ரிப்போர்ட்ல கையெழுத்து போட இன்னைக்கு சட்டம் கேக்கற டிகிரி வேணும். தப்பானா யார் பொறுப்புன்னு தெரியறதுக்குத் தான் கையெழுத்து, அதுக்கும் கண்டுபிடிப்புக்கும் முடிச்சு போடாதீங்க.

நோபல் ஏன் கிடைக்கல?

ஜோஷுவா லெடர்பெர்க்னு அமெரிக்க விஞ்ஞானி, அவரே நோபல் வாங்கினவர், டே பேர ஒரு தடவைக்கு மேல பரிந்துரை பண்ணார். கிடைக்கல. 1978ல காலரா பத்தின நோபல் கருத்தரங்குக்கு கூப்பிட்டாங்க. எனக்கு வலிக்கிறது வேற, 1985ல சாகற வரைக்கும் நம்ம நாட்டு அறிவியல் அகாடமி ஒண்ணு கூட அவர ஃபெலோவா எடுக்கல. நான் எம்.டி படிச்ச 3 வருஷத்துல ஒரு வகுப்புல கூட அவர் பேர் வரல, லைப்ரரில பழைய ஜர்னல் புரட்டும்போது தான் தெரிஞ்சுது, அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல.

டெங்குக்கு பிளேட்லெட் எவ்ளோ இருக்கணும்?

உங்களப் பாக்கற டாக்டர கேளுங்க.

பேத்தாலஜிஸ்டும் டெக்னீசியனும் ஒண்ணு தானே?

முதல் பதில படிங்க.

லேப் டெக்னீசியன் படிச்சா பேத்தாலஜிஸ்ட் ஆக முடியுமா?

நீட் எழுதி எம்.பி.பி.எஸ்ல இருந்து ஆரம்பிக்கணும். முதல் பதில படிங்க.

சலைன்ல போட்டா என்ன மேடம், ரெண்டு நாள் தானே?

ஒரு கழுத்துக் கட்டி வந்துச்சு, நெல்லிக்காய் அளவு, வெள்ளிக்கிழமை எடுத்து சலைன்ல போட்டு, மூடி மேல பிளாஸ்திரி ஒட்டி திங்கக்கிழமை அனுப்பினாங்க. தொறந்ததுமே நாத்தம், கத்தி வச்சா கூழு. ஸ்லைடுல செல்லோட நியூக்ளியஸ் (உட்கரு) எல்லாம் கரைஞ்சு ஒரே ரோஸ் கலர் மங்கல். அந்தம்மாவுக்கு திரும்ப கத்தி வைக்க வேண்டியதாச்சு. 10 சதவீத ஃபார்மலின், திசுவப் போல 10 மடங்கு. டி.பி கல்ச்சர் வேணும்னா மட்டும் ஒரு துண்டு தனியா ஸ்டெரைல் சலைன்ல, அன்னைக்கே அனுப்பணும்.

தைராய்டு எஃப்.என்.ஏ.சி ரிப்போர்ட் போட்டோ அனுப்பியிருக்கேன், பாத்து சொல்லுங்க.

போட்டோவ வச்சு சொல்ல மாட்டேன்மா. ஸ்லைட வாங்கிட்டு வாங்க, லேப்ல கேட்டா குடுப்பாங்க. 4 மணிக்கு ஒரு ஃப்ரோசன் வருது, மிச்ச கேள்விய அடுத்த வாரம் பாக்கறேன்.