மனுவைத் தமிழிலேயே எழுதுங்கள்

கேள்வி: அட்டன்–நுவரெலியா வீதி எங்கள் ஊரை ஊடறுத்துப் போகிறது. வாகனங்கள் பறக்கின்றன, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பவே பயமாக இருக்கிறது. வெளியூர்ச் சாரதிகளின் வேகத்தைக் கட்டுப்படுத்தச் சொல்லி வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறோம். மனுவைச் சிங்களத்தில் கொடுத்தால்தான் கவனிப்பார்கள் என்கிறார்கள் சிலர். என்ன செய்யலாம்?
– வாசகர் ஒருவர், கொட்டகலை

பதில்: முதலில் மனுவைத் தமிழில் எழுதுங்கள். வேகத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.

1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அடுத்த வருடமே வந்த 16ஆம் திருத்தத்தின்படி, நிர்வாகம் சிங்களத்தில் நடக்கும் பகுதியிலும் எந்த அரச அலுவலருக்கும் நாம் தமிழில் எழுதலாம், தமிழிலேயே பதில் பெறலாம். சட்டம் இப்படி இருக்க, ஒரு பக்க மனுவுக்குக்கூட நம் ஆட்கள் டவுனுக்குப் போய் யாரிடமோ காசு கொடுத்துச் சிங்களத்தில் எழுதி வாங்குகிறார்கள். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிற அம்மாவுக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. இது எனக்குப் பல வருடத்து ஆத்திரம். மனுவில் உள்ளதை அந்த அம்மா வாசித்துப் பார்த்து, “இதையும் சேருங்க தம்பி” என்று சொல்ல வேண்டும். சிங்களப் பிரதி ஒன்றும் இருக்கட்டும், அலுவலகத்துக்காக அல்ல. அதே வீதியால் பிள்ளைகளை அனுப்பும் சிங்கள அயலவர்களும் வாசித்துக் கையெழுத்துப் போட வேண்டும் அல்லவா?

இனி, வெளியூர்ச் சாரதிகள். ஏப்ரலில் நுவரெலியாவுக்குக் கிளம்பி வருகிறவர்களில் பலருக்கு மலைப்பாதை பழக்கமில்லை. இறக்கத்தில் சிறிய கியரில் இறங்காமல் பிரேக்கிலேயே காலை வைத்திருப்பார்கள். அது சூடேறி, தேவையான நேரத்தில் பிடிக்காது. 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் கொழும்பு மாணவர்கள் சுற்றுலா வந்த பஸ் வேனிலும் ஆட்டோவிலும் மோதி 7 பேர் இறந்ததை நம்மில் யாரும் மறக்கவில்லை. ஆனால் உங்கள் பிள்ளையை உரசிக்கொண்டு தினமும் காலையில் போவது யாருடைய பஸ்? நம்மூர் பஸ். ஓட்டுகிறவர் நமக்குத் தெரிந்த தம்பி. முதலாளிக்கு அன்றைய கணக்கைக் கட்டிவிட்டு மிஞ்சுவதுதான் அவருக்கும் கண்டக்டருக்கும். முன்னால் போகிற பஸ்ஸைப் பிடித்தால்தான் அடுத்த ஹோல்ட்டில் ஆள் கிடைக்கும். அதனால் போட்டி போட்டு ஓட்டுகிறார். அவரைத் திட்டி ஒரு மனு எழுதினால், நாளைக்கு அதே பஸ்ஸை இன்னொரு தம்பி அதே வேகத்தில் ஓட்டுவார். நேர அட்டவணையைக் கேளுங்கள். மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்களுக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பது மத்திய மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை. இரண்டு பஸ்ஸுக்கு நடுவே எத்தனை நிமிட இடைவெளி, அதை யார் பார்க்கிறார்கள் என்று அங்கே கேளுங்கள்.

வேக எல்லைப் பலகை வைக்கச் சொல்லிக் கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வைக்கட்டும். குடியிருப்புப் பகுதியில் பஸ்ஸுக்கு ஏற்கனவே மணிக்கு 50 கிலோமீற்றர்தான் எல்லை. அதை அப்படியே மதித்து ஓட்டினாலும் ஒரு விநாடிக்குப் 14 மீற்றர் போகும். மூடுபனி இறங்கிய காலையில் இருபது மீற்றருக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று சாரதிக்குத் தெரியாது. அந்த இருபது மீற்றரைக் கடக்க ஒன்றரை விநாடி போதும். பிள்ளை எங்கே ஒதுங்கும்? ஒரு பக்கம் தேயிலை மேடு, மறுபக்கம் மழைத்தண்ணீர் ஓடும் கான். ஹோர்ன் கேட்டதும் வெள்ளைச் சட்டையோடு கானுக்குள் குதித்து நிற்கிற பிள்ளைகளை இந்தப் பாதை நெடுகிலும் பார்க்கலாம்.

அதனால் மனுவின் முதல் வரியில் நடைபாதை இருக்க வேண்டும். வீதிக்குக் காபெட் போடும்போதெல்லாம் இந்தப் பக்கத்தில் இதை எழுதினேன். அபிவிருத்தியில் குறை காண்கிறவன் என்று சில பெரியவர்கள் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். பரவாயில்லை, இன்னும் எழுதுவேன். பாதை வழுவழுப்பானது, வேகம் கூடியது, நடக்கிறவருக்கு ஒரு அடி இடம்கூட ஒதுக்கவில்லை. கானுக்கு மேல் கொங்கிறீட் பலகை போட்டு மூடினாலே நடக்க வழி கிடைக்கும்.

யாரிடம் கேட்பது? பிரதான வீதி, ‘வீதி அபிவிருத்தி அதிகார சபை’யுடையது, அவர்களிடம்தான். தோட்ட லயத்திலிருந்து வீதிக்கு இறங்கும் பாதைக்குப் பிரதேச சபைக்கு எழுதுங்கள். “தோட்டத்துக்குள் சபை செலவு செய்ய முடியாது” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் இருந்த அந்தத் தடை 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. வரி கொடுத்தும் முப்பது வருடம் நம்மை ஒதுக்கி வைத்த சட்டம் அது. திருத்தம் வந்த பிறகும் பழைய பதிலையே சொல்லி அனுப்புகிறவர்களை விடக்கூடாது.

மூன்று இடத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், சிட்டையைப் பத்திரப்படுத்துங்கள். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், மனுவுக்கு என்ன நடந்தது என்று விண்ணப்பியுங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். அவர்கள் அனுப்பும் பதிலை, அது எந்த மொழியில் வந்தாலும், இதே பக்கத்தில் போடுகிறேன்.