திரைப்படத்தை வீட்டில் பார்ப்பது சிறந்ததா, திரையரங்கில் பார்ப்பதா?

பிரம்மாண்டமான படத்துக்குத் திரையரங்கு, சின்னக் கதைக்கு வீடு என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு இது தலைகீழாகவே படுகிறது. கார்கள் வெடித்துச் சிதறும் படத்தை வீட்டில் அரைக் கவனத்தோடு பார்த்தாலும் கதை புரிந்துவிடும். யாரோ ஒருவர் ஜன்னலோரம் பேசாமல் நின்றுகொண்டிருக்கும் படம்தான் வீட்டில் படுத்துவிடுகிறது. அந்தக் காட்சி முடிவதற்குள் என் கை கைப்பேசியைத் தேடிப் போய்விடும். திரையரங்கில் படத்தை நிறுத்தவும் முடியாது, ஓட்டிவிடவும் முடியாது. நான் டிக்கெட் வாங்குவதே அதற்காகத்தான். (பக்கத்து இருக்கைக்காரர் கைப்பேசியைப் பளிச்சென்று திறந்தால் அதுவும் வீண்.)

அடுத்தது ஒலி. பெரும்பாலான படங்களின் ஒலிக்கலவை பெரிய அரங்கை மனத்தில் வைத்தே செய்யப்படுகிறது. முணுமுணுப்புக்கும் வெடிச்சத்தத்துக்கும் நடுவே பெரிய இடைவெளி விட்டிருப்பார்கள். தட்டை டிவிகளிலோ ஒலிபெருக்கி பெரும்பாலும் கீழ்நோக்கியோ பின்பக்கமாகவோ இருக்கும். அதனால்தான் வசனம் கேட்கவில்லை என்று ஒலியைக் கூட்டுகிறோம், அடுத்த நிமிடமே பதறிக் குறைக்கிறோம். காது மந்தமாகிவிட்டதோ என்று கவலைப்பட வேண்டாம்.

படத் தரத்தில் போட்டி அவ்வளவு ஒருதலைப்பட்சமானது அல்ல. திரையரங்குக்கு வரும் டிஜிட்டல் பிரதியில் வினாடிக்கு 250 மெகாபிட் வரை படத் தரவு இருக்கலாம். இணையத்தில் வரும் 4கே படத்துக்குப் பெரும்பாலும் அதில் பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் கிடைக்கிறது. இணையத்தில் படத் தரவைச் சுருக்கும் முறை கெட்டிக்காரத்தனமானது என்பதால் பகல் காட்சிகளில் வித்தியாசம் தெரியாது. இருட்டிலும் மூடுபனியிலும் திட்டுத்திட்டாகத் தெரிந்துவிடும். ஆனால் கறுப்பு நிறத்தில் நல்ல ஓஎல்இடி டிவி பல திரையரங்குகளைத் தோற்கடிக்கும். அதன் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியே அணைந்துவிடுகிறது. புரொஜெக்டரிலிருந்து எப்போதும் கொஞ்சம் வெளிச்சம் கசிந்துகொண்டே இருக்கும்.

ஒருமுறை பார்த்துப் பிடித்துப்போன படத்தைத் திரும்பப் பார்க்க வீடுதான். வேண்டிய காட்சியை நாலு முறை ஓட்டலாம், வசன வரிகளைப் போட்டுக்கொள்ளலாம்.

அப்படி வீட்டில் பார்ப்பதற்கு முன், டிவி அமைப்புகளில் அசைவை வழவழப்பாக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். பெரும்பாலான படங்கள் வினாடிக்கு 24 பிரேம்களில், அதாவது 24 நிலைப்படங்களாக, எடுக்கப்பட்டவை. டிவி தானாகவே இடையிடையே புதுப் பிரேம்களைச் செருகுவதால்தான் எவ்வளவு செலவழித்து எடுத்த படமும் தொலைக்காட்சித் தொடர்போலத் தெரிகிறது.