கையெழுத்துப் போடும் முன் அந்த மூன்று தாள்கள்

கேள்வி (சுருக்கம்): அமெரிக்காவில் வசிக்கிறோம். மகன் பதினோராம் வகுப்பு. கணக்கில் இதுவரை 95-க்குக் கீழே வாங்கியதே இல்லை. இந்த ஆண்டு ஏபி கால்குலஸ் (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரக் கணக்குப் பாடம், மே மாதம் பொதுத்தேர்வு) எடுத்தான். முதல் மூன்று டெஸ்டில் 74, 66, 71. ஆசிரியர் இந்த ஆண்டுதான் இந்தப் பள்ளிக்கு வந்தவர். பலகையில் எழுதி நடத்துவது குறைவு. கணக்கைக் கொடுத்து நாலு நாலு பேராக உட்கார்ந்து யோசிக்கச் சொல்கிறார். விடை சரியாக இருந்தாலும் மார்க்கைக் குறைக்கிறார். பெற்றோர் 17 பேர் சேர்ந்து, அவரை மாற்றச் சொல்லி முதல்வருக்கு மனு தயாரித்திருக்கிறோம். நகல் இணைத்துள்ளேன். மகன், "வேண்டாம்மா, அவர் நல்லாத்தான் நடத்துறார்" என்கிறான். கையெழுத்துப் போடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள், அம்மா. உங்கள் மனுவை இரண்டு முறை படித்தேன். எட்டுக் குறைகள் எழுதியிருக்கிறீர்கள். ஏழு, பிள்ளைகளின் மார்க் இறங்கியதில் பெற்றோருக்கு வந்த பதற்றம். ஒன்றே ஒன்றுக்குத்தான் ஆசிரியர் பதில் சொல்லியே ஆகவேண்டும். அதைப் போய் ஆறாவது இடத்தில், ஒற்றை வரியில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

"விடை சரி, மார்க் இல்லை" என்பது முதல் குறை. ஏபி கால்குலஸ் தேர்வில் பாதி மதிப்பெண் 45 கொள்குறி வினாக்களுக்கு. மறுபாதி, எழுதிக் காட்ட வேண்டிய 6 கேள்விகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் 9. பிள்ளைகள் வழுக்கி விழுவது பெரும்பாலும் இந்த மறுபாதியில்தான். ஒரு சார்பு (function) எங்கே பெருமம், அதாவது உச்ச மதிப்பு, அடைகிறது, காரணம் என்ன என்று கேட்கிறார்கள் என்று வையுங்கள். பையன் வகைக்கெழுவை, அதாவது சார்பு மாறும் வீதத்தை, கண்டுபிடிக்கிறான், பூஜ்யத்துக்குச் சமன் செய்கிறான், 3 என்று சரியாகவே கொண்டுவருகிறான். கீழே ஒரு கோடு கிழித்து, 3-க்கு இடப்பக்கம் கூட்டல் குறியும் வலப்பக்கம் கழித்தல் குறியும் போடுகிறான். அவனுக்கு விஷயம் தெரியும். திருத்துகிறவருக்கும் அது தெரியும். ஆனாலும் காரணத்துக்கான மதிப்பெண் கிடைக்காது. "வகைக்கெழு அந்த இடத்தில் நேர்க்குறியிலிருந்து எதிர்க்குறிக்கு மாறுகிறது, ஆகவே அங்கே பெருமம்" என்று வாக்கியமாக எழுதியிருக்க வேண்டும். தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு இதை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது: குறிக்கோடு மட்டும் போட்டால் அது காரணம் ஆகாது. இந்த ஆசிரியர் இன்றைக்குச் சிவப்பு மையில் குறைக்கிற அந்த ஒரு மார்க், மே மாதத்தில் முகம் தெரியாத ஒருவர் குறைக்கப்போகிற மார்க். இப்போதே குறைத்துச் சொல்லிக்கொடுப்பவரிடம் கோபப்படுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இரண்டாவது குறை, வகுப்புச் சராசரி 70-ஐ ஒட்டி இருப்பது. 95-க்குப் பழகிய கண்ணுக்கு 70 தோல்வியாகத்தான் தெரியும், புரிகிறது. ஆனால் வெளியிடப்பட்ட பழைய ஏபி கால்குலஸ் தேர்வுகளின் மதிப்பெண் கணக்கை எடுத்துப் பாருங்கள். மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டி எடுத்தவர்களுக்கே, 1 முதல் 5 வரையிலான தரத்தில் உச்சமான 5 கிடைத்திருக்கிறது. அந்தத் தேர்வின் தரத்திலேயே வகுப்புத் தேர்வையும் வைப்பவரிடம் 74 வாங்கும் பையன் அழவேண்டியதில்லை. அவர் டெஸ்ட் அந்தத் தரம்தானா என்று அவரிடமே கேளுங்கள். நல்ல கேள்வி அது. உங்கள் மனுவில் இல்லை.

"ஆசிரியர் நடத்துவதே இல்லை, பிள்ளைகளே பேசிக்கொள்கிறார்கள்." இதைப் படித்ததும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் நடந்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வு நினைவுக்கு வந்தது. இயற்பியல் மாணவர்களில் ஒரு பகுதியினருக்குச் சரளமான விரிவுரை. இன்னொரு பகுதியினரைக் குழுவாக உட்கார்ந்து கணக்கோடு மல்லுக்கட்ட விட்டார்கள். பிறகு சோதித்தபோது மல்லுக்கட்டியவர்களே அதிகம் கற்றிருந்தார்கள். ஆனால் "எவ்வளவு கற்றுக்கொண்டாய்?" என்று கேட்டதற்கு, குறைவாகச் சொன்னவர்களும் அவர்களே. காதில் விழுந்து சுலபமாக உள்ளே போகிற பாடம் புரிந்துவிட்டதைப் போலவே இருக்கும். தானாகப் போட உட்கார்ந்தால்தான் தெரியும் புரிந்ததா என்று. பிள்ளை வீட்டுக்கு வந்து "ஒண்ணுமே நடத்தலை" என்று சொல்வதை அப்படியே மனுவில் ஏற்றிவிடக்கூடாது.

2010-இல் வந்த இன்னோர் ஆய்வு எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுகிறது. அமெரிக்க விமானப்படை அகாடமியில் மாணவர் தமக்குப் பிடித்த ஆசிரியரைப் பொறுக்க முடியாது; குலுக்கிப் போட்டதைப் போலத்தான் வகுப்பு ஒதுக்குவார்கள், எல்லா வகுப்புக்கும் ஒரே தேர்வு. ஸ்காட் கேரல், ஜேம்ஸ் வெஸ்ட் என்ற இருவர் அங்கே கால்குலஸ் ஆசிரியர்களை ஆராய்ந்தார்கள். தன் வகுப்பு மதிப்பெண்ணை உயர்த்திக் காட்டிய ஆசிரியர்களுக்கு மாணவர்கள் நல்ல பெயர் கொடுத்தார்கள். அதே மாணவர்கள் அடுத்த கட்ட வகுப்புகளுக்குப் போனபோது சராசரியாகப் பின்தங்கினார்கள். அடுத்த கட்டத்தில் நன்றாகச் செய்தவர்கள், வகுப்பில் அவ்வளவாகப் பெயர் வாங்காத ஆசிரியர்களிடம் பயின்றவர்கள். உங்கள் ஆசிரியர் இரண்டில் எந்த வகை என்று எனக்குத் தெரியாது. மூன்று டெஸ்ட் மார்க்கை மட்டும் வைத்து உங்களுக்கும் தெரியாது.

"வகுப்பில் 98 வாங்கும் பிள்ளைகள் தனி வகுப்பில் படிப்பவர்கள், இவரால் அல்ல" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன். கோடை விடுமுறையிலேயே பாதிப் பாடத்தை முடித்துவிட்டு வருகிற பிள்ளையின் 98 ஆசிரியரின் பெருமை இல்லை. அப்படியானால் உங்கள் மகனின் 66 மட்டும் எப்படி முழுக்க அவர் குற்றமாகும்?

இப்போது ஆறாவது குறைக்கு வருகிறேன். "டெஸ்ட் தாளைத் திருப்பித் தர மூன்று வாரம் ஆகிறது." இதுதான் தவறு. இதற்கு நான் சமாதானம் சொல்லமாட்டேன். கால்குலஸ் அடுக்கடுக்காக ஏறுகிற பாடம். எல்லை (limit) என்ற பாடம் பிடிபடாமல் வகைக்கெழுவுக்குப் போக முடியாது. உங்கள் கடிதத்திலுள்ள தேதிகளைக் கூட்டிப் பார்த்தேன்: முதல் தாள் கைக்கு வரும் முன்பே மகன் இரண்டாம் டெஸ்ட் எழுதிவிட்டான். 74, 66 ஆன இடம் அதுதான். எங்கே தப்பினோம் என்று தெரியாமல் அதே தப்பைத் திரும்பவும் செய்திருக்க வாய்ப்பு உண்டு. காரணத்தை வாக்கியமாக எழுதச் சொல்லிக் கண்டிப்புக் காட்டுகிறவர், அந்தச் சிவப்பு மை காய்வதற்குள் தாளைப் பிள்ளையிடம் சேர்க்கவும் வேண்டும். ஐந்து வகுப்புத் தாள்களை ஒருவரே திருத்துவது எவ்வளவு வேலை என்பதை அறிவேன். அப்படியும் மூன்று வாரம் அதிகம். இதைக் கேளுங்கள், கண்டிப்பாகக் கேளுங்கள்.

அவரிடமே கேளுங்கள் என்கிறேன். பதினேழு பேரில் ஒருவர்கூட இதுவரை அவரைச் சந்திக்கவில்லை என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. படித்தபோது வருத்தமாக இருந்தது. முதல்வர் கேட்கப்போகும் முதல் கேள்வியும் அதுவாகத்தான் இருக்கும். நடு ஆண்டில் அவரை எடுத்துவிட்டால் மறுநாளே இன்னொரு கால்குலஸ் ஆசிரியர் வந்து நிற்கப்போவதில்லை. அகப்பட்ட பதிலி ஆசிரியரோடு மே மாதத் தேர்வு வரை தள்ளவேண்டி வரலாம்.

பாடத்தைத் தப்பாக நடத்தினால், பிள்ளைகளை வகுப்பில் அவமானப்படுத்தினால், ஏப்ரலிலும் பாடத்திட்டம் பாதியில் நின்றால், கேட்டதற்குப் பதிலே தராவிட்டால் முதல்வரிடம் போங்கள். அவமானப்படுத்தினால் அன்றைக்கே போங்கள். அப்போது எழுதும் மனுவுக்கு நானே வாசகம் திருத்தித் தருகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. மகனின் மூன்று தாள்களையும் மேசையில் வரிசையாக வையுங்கள். உங்களுக்குக் கால்குலஸ் தெரிய வேண்டியதில்லை. சிவப்பு மை எங்கே விழுந்திருக்கிறது என்று மட்டும் பார்த்து, "இது ஏன்பா?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அவன் விளக்கினால், வகுப்பில் ஏதோ உள்ளே போயிருக்கிறது. விளக்கமுடியாத இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆசிரியருக்கு எழுதும் மின்னஞ்சல் நான்கு வரி போதும்: "இந்த மூன்று கேள்விகளில் மகனுக்குச் சந்தேகம். தாள் தாமதமாக வந்ததால் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கவில்லை. இனி ஒரு வாரத்துக்குள் தரமுடியுமா? இருவரும் வந்து பார்க்க ஒரு நேரம் சொல்லுங்கள்." போகும்போது அவனையும் கூட்டிப் போங்கள். உங்கள் கடிதம் முழுக்க "நாங்கள்", "நாங்கள்" என்றே இருக்கிறது. அந்த வகுப்பில் தினமும் உட்காருகிற ஒரே ஆளுக்கு ஒரு வரிதான் கொடுத்திருக்கிறீர்கள். அங்கே அவன் பேசட்டும். திரும்பி வந்தபின், மனுவை அவனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.