கானரைக் கொல்லாமலே ரெட்கிளிஃப் முடியும்

'டிராகன் ஏஜ்: ஒரிஜின்ஸ்' விளையாட்டின் ரெட்கிளிஃப் கோட்டையில், பேய் பிடித்த சிறுவன் கானரைக் கொல்வது அல்லது அவன் அம்மாவைப் பலி கொடுப்பது என்ற இரண்டு வழிதானா என்று கேட்டிருந்தீர்கள். மூன்றாவது வழி இருக்கிறது. கானரையும் கொல்ல வேண்டாம், அவன் அம்மா இசோல்டையும் பலி கொடுக்க வேண்டாம். சர்க்கிள் (மந்திரவாதிகளை அடைத்து வைக்கும் அமைப்பு) கோபுரத்து மந்திரவாதிகளை அழைத்து வந்தால் அவர்களே பேயை ஒழிக்கும் சடங்கை நடத்துவார்கள்.

விளையாட்டு உங்களுக்கு இரண்டு வழிதான் காட்டுகிறது என்றால், பெரும்பாலும் கோபுரத்தில் கல்லன் என்ற வீரனின் பேச்சைக் கேட்டு, மந்திரவாதிகளைக் காவல் காக்கும் டெம்ப்ளர்கள் பக்கம் போயிருப்பீர்கள். அப்படிப் போனால் அங்குள்ள மந்திரவாதிகள் கொல்லப்படுவார்கள்; அவர்களே இல்லாதபோது யாரை அழைப்பது? உங்கள் படையில் சேர்ந்திருப்பது மந்திரவாதிகளா, டெம்ப்ளர்களா என்று பாருங்கள். டெம்ப்ளர்கள் என்றால் கோபுரத்துக்குப் போகும் முன் சேமித்த (save) கட்டத்துக்குத்தான் திரும்ப வேண்டும்.

இந்த முறை கோபுரத்தில் இறந்து கிடக்கும் மந்திரவாதி நையல் உடலிலிருந்து அட்ராலா லிட்டனி என்ற மந்திரச் சுருளை மறக்காமல் எடுங்கள். கோபுரத்தின் கடைசி எதிரி அல்ட்ரெட்டோடு நடக்கும் சண்டையில் அவன் மற்ற மந்திரவாதிகளைப் பேய் பிடித்தவர்களாக மாற்றத் தொடங்கும் ஒவ்வொரு தடவையும் அதைப் பயன்படுத்துங்கள். மந்திரவாதிகளின் தலைவர் ஐர்விங் பிழைக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: ரெட்கிளிஃப் கிராமத்தின் இரவுத் தாக்குதலை முடிக்காமல் கிளம்பிவிடாதீர்கள், ஊரே அழிந்துவிடும். அது முடிந்து கோட்டைக்குள் போன பிறகு கோபுரத்துக்குப் போய் வந்தால் பாதிப்பில்லை.

அப்புறம், "மந்திரவாதிகளை அடைத்து வைப்பதே சரி என்பதற்குக் கானரே சாட்சி" என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அது நேர்மாறாகப் படுகிறது. கோட்டை மண்டபத்தில் தன் சித்தப்பா டீகனைக் கோமாளியாக ஆட வைத்த அந்தக் குழந்தை, அப்பாவைக் காப்பாற்றத்தான் பேயோடு பேரம் பேசினான். பிள்ளையைச் சர்க்கிள் பிடுங்கிக்கொள்ளும் என்று பயந்துதான் இசோல்ட் மறைத்தாள், ஜோவன் என்ற மந்திரவாதியை ரகசியமாக ஆசிரியராக வைத்தாள். ஆபத்து உண்மைதான், ஆனால் அந்தப் பயம்தான் அதை வீட்டுக்குள் கொண்டுவந்தது.