பட்டு நூல் கொட்டுதா? பூவ விடுங்க, மொதல்ல திரியப் பாருங்க

திருப்பூர்லருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க: "அக்கா, நான் அஞ்சு வருஷமா சில்க் த்ரெட் வளையல், ஜிமிக்கி பண்ணி விக்கறேன், ஆரி ஒர்க்கும் தெரியும். சைனால கையால பண்ற பட்டுப் பூ இருக்கே, ரோங்ஹுவா, அத வீடியோ பாத்து ட்ரை பண்ணேன். வளையலுக்கு வச்சிருந்த அதே நூல், மோட்டார் காயில் கட்டுற கடைல வாங்கின காப்பர் கம்பி. உருட்டும்போதே நூல் எல்லாம் கொட்டுது, கொட்டாம நின்னது பாட்டில் கழுவுற பிரஷ் மாதிரி இருக்கு, கம்பி வேற ரெண்டு தடவ அறுந்துருச்சு. எந்த நூல், எந்த கம்பி வாங்கணும்? ஹேர் ஸ்ட்ரெயிட்னர் கண்டிப்பா வேணுமா?"

பாட்டில் பிரஷ் மாதிரி வந்துச்சுன்னா நீங்க பாதி சரியா பண்ணியிருக்கீங்கன்னு அர்த்தம். ரெண்டும் ஒரே வேலைதான். ரெண்டு கம்பிக்கு நடுவுல இழைய வச்சு கம்பிய முறுக்குனா இழை சுத்திலும் விரிஞ்சு நிக்கும், அவ்ளோதான் சூத்திரம். பாட்டில் பிரஷ்ல நைலான், இதுல பட்டு. அந்த உருண்டையான துண்ட நான் திரின்னு சொல்றேன், ஏன்னா கையில புடிச்சா வெளக்குத் திரி மாதிரியேதான் இருக்கும். ரோங்ஹுவாவுல இதழ், இல, மகரந்தம், பறவையோட றெக்க எல்லாமே இந்தத் திரிதான். திரி சரியில்லன்னா அதுக்கப்புறம் என்ன பண்ணாலும் பூ வராது, அதனால உங்க கேள்விக்கு நான் சொல்லப்போற பதில்ல முக்காவாசி திரியப் பத்திதான் இருக்கும், பொறுமையா படிங்க.

நூல்ல ஆரம்பிக்கலாம். நம்ம ஊர்ல வளையல், ஜிமிக்கிக்கு வாங்கற சில்க் த்ரெட்ல பெரும்பாலும் பட்டே கிடையாது தங்கச்சி, அது விஸ்கோஸ், இல்லன்னா பாலியஸ்டர். சந்தேகமா இருந்தா ஒரு இழைய எடுத்து தீக்குச்சில கொளுத்திப் பாருங்க. முடி கருகற வாசன வந்து, கருப்பா ஒரு முடிச்சு நின்னு, அத நசுக்கினா பொடியாச்சுன்னா பட்டு. பேப்பர் எரியற மாதிரி சட்டுனு எரிஞ்சு மெல்லிசா சாம்பலானா விஸ்கோஸ். உருகி கெட்டியா மணி மாதிரி ஒட்டிக்கிச்சுன்னா பாலியஸ்டர். விஸ்கோஸ்ல கை பழகலாம், தப்பில்ல, ஆனா ஈரம் பட்டா அதோட பலம் பாதியா கொறஞ்சிரும், மழக்காலத்துல இதழ் தொங்கிப்போயிரும். பாலியஸ்டர் வேண்டவே வேண்டாம், பின்னாடி சூடு வைக்கும்போது சுருண்டுக்கும்.

உங்க நூல்ல இன்னொரு பிரச்சினையும் இருக்கு, முறுக்கு. இழைங்க ஒன்ன ஒன்னு சுத்திக்கிட்டு இருந்தா வெட்டினதும் கயிறு நுனி மாதிரி கொத்துக் கொத்தா நிக்குமே தவிர வெல்வெட் மாதிரி விரியாது. ரோங்னாலே வெல்வெட் மாதிரி மெத்துனு இருக்கற இழைதான், அந்த மெத்து வரணும்னா ஒவ்வொரு இழையும் தனித்தனியா பிரியணும். சைனால சுஜோங்கற ஊர்ல எம்ப்ராய்டரி பண்றவங்க ஒரு நூல 16 பங்கா பிரிச்சு ஊசில கோக்கறாங்க, பட்டு அந்த அளவுக்குப் பிரியும்.

நம்ம பக்கம் எங்க கெடைக்கும்னா, காஞ்சிபுரம், ஆரணி மாதிரி தறி ஓடற ஊர்ல நெசவுக்கு சாயம் போட்ட பட்டு நூல் கேட்டுப் பாருங்க. பாவு நூல் வாங்காதீங்க, அது நல்லா இறுக்கி முறுக்கினது. ஊடை நூல்னு கேளுங்க, முறுக்கு கம்மியா இருக்கும், வெரல்ல எதிர்ப் பக்கமா உருட்டினா பிரிஞ்சிரும். வெள்ளையா, கொஞ்சம் வெறப்பா, கைக்கு சரசரன்னு இருந்தா அது பச்ச பட்டு, அதாவது இன்னும் வேகவைக்காதது, அதுமேல பசை இருக்கும். செரிசின்னு சொல்ற அந்தப் பசைதான் புழு கூடு கட்டும்போது இழைய ஒட்ட வைக்கறது, நூலோட எடைல ஏறக்குறைய கால்வாசி அதுவே இருக்கும். அது போனாதான் மினுமினுப்பு, சாயமும் சரியா ஏறும். மைல்டான சோப்பு, ஒரு சிட்டிகை வாஷிங் சோடா போட்ட தண்ணில, கொதிக்க விடாம நல்ல சூட்டுல முக்கா மணி நேரம் போல வச்சு, வெதுவெதுப்பான தண்ணில அலசுங்க. 100 கிராம் நூல் காஞ்சதும் 75 கிராம் பக்கம் வந்துச்சுன்னா பசை போயிருச்சு. ரோங்ஹுவாவுக்குப் பேர்போன சைனா ஊர் நான்ஜிங்ல பரம்பரையா பண்றவங்களும் இப்படி பட்ட வேகவச்சு, சாயம் போட்டு, காயவச்சுட்டுதான் வேலையவே தொடுவாங்க.

நான்ஜிங்னு சொன்னதும் ஒன்னு சொல்லணும், ஏன் அந்த ஊர்ல இந்த வேல வளந்துச்சுன்னு. சிங் வம்சத்துக் காலத்துல அரண்மனைக்கு பட்டு நெய்யற பெரிய தறிக்கூடங்கள் அங்க இருந்துச்சு, யூன்ஜின்னு ஒரு ஜரிகப் பட்டு இன்னிக்கும் அந்த ஊர் பேர சொல்லும். பட்டு அவ்ளோ பொழங்கின ஊர்ல பூக்கட்டறவங்க கைக்கு இழை தாராளமா வந்துச்சு. ரோங்ஹுவாங்கற பேரும், செல்வம் புகழ்னு அர்த்தம் வர்ற இன்னொரு சீன வார்த்தையும் காதுக்கு கிட்டத்தட்ட ஒன்னுதான், அதனால கல்யாணம், புது வருஷம்னா பொண்ணுங்க தலைல இது இருக்கும். அதே சிங் வம்சத்து சியான்லாங் பேரரசரோட மொத பட்டத்தரசி ஃபூச்சா, முத்தும் மணியும் வேணாம்னு தண்டுச்சோத்துலயும் இழையிலயும் பண்ண பூவத்தான் வச்சுக்கிட்டாங்கன்னு வரலாற்றுல எழுதியிருக்கு (தண்டுச்சோறுன்னா நம்ம தஞ்சாவூர் நெட்டி வேலைல வர்ற நெட்டி மாதிரி ஒன்னு, செடி வேற). 2018-ல அந்த அரசியும் ஒரு பாத்திரமா வர்ற டிவி தொடர் வந்தப்போ அதுல வச்ச பூக்கள பண்ணது நான்ஜிங் கலைஞர் ஜாவ் ஷூஷியன். அதுக்கப்புறம்தான் சைனாலயே சின்னப் பசங்க இத கத்துக்க கிளம்பினாங்க, நீங்க பாத்த வீடியோ எல்லாம் அந்த அலைல வந்ததுதான்.

சரி, கம்பி. மோட்டார் காயில் கம்பி மேல எனாமல் கோட்டிங் இருக்கும், வழவழன்னு. அதுல பட்டு நிக்காது, வழுக்கும், உங்களுக்கு கொட்டினதுல அதுக்கும் பங்கு இருக்கு. கோட்டிங்க தீயில எரிச்சு எடுக்கலாம்னு மட்டும் நெனைக்காதீங்க, அந்தப் புகை நல்லதில்ல. அதுக்குப் பதிலா எலக்ட்ரிகல் கடைல 0.5 ஸ்கொயர் எம்எம் ஃப்ளெக்சிபிள் ஒயர் ஒரு மீட்டர் வாங்கி மேல இருக்கற பிளாஸ்டிக்க உரிங்க. உள்ள 0.2 மில்லிமீட்டர்ல 16 செம்பு இழை இருக்கும், கோட்டிங் இல்லாம, ஏற்கனவே பதமாக்கினது. ஒவ்வொன்னா பிரிச்சு துணில புடிச்சு உருவினா நேராயிரும். நமக்கு வேண்டிய கனம் அதுதான்.

கம்பி அறுந்தது ஏன்னா, செம்ப வளைக்க வளைக்க அது வெறைச்சுக்கும், அதுக்கு மேல முறுக்குனா பட்டுனு போயிரும். பழைய ஆளுங்க கரி நெருப்புல கம்பிய சூடு காட்டி பதமாக்கிட்டுதான் எடுப்பாங்க. ஒருதடவ முறுக்கிப் பிரிச்ச கம்பிய திரும்ப உபயோகிக்காதீங்க, அது ஏற்கனவே வெறைச்சது.

இப்போ திரி. உங்ககிட்ட ஆரி ஃபிரேம் இருக்கே, அதுவே போதும். மேல் கட்டைல நூல மடிச்சு மாட்டி வரிசையா தொங்கவிடுங்க, கீழ் நுனிய ரெண்டு மரஸ்கேலுக்கு நடுவுல வச்சு பைண்டர் கிளிப் போடுங்க. கொஞ்சம் கெட்டி முடி இருக்கற பிரஷ்ஷால மேலருந்து கீழ சீவுங்க, நூல்னு தனியா தெரியாம ஒரே பட்டுத் திரை மாதிரி ஆகற வரைக்கும் சீவணும், இந்த எடத்துல அவசரப்பட்டா மிச்சம் எல்லாம் வீண். திரை எவ்ளோ கனம் இருக்கணும்னா, பின்னாடி கைய வச்சா வெரல் நெழலா தெரியணும். தெரியலன்னா கனம் ஜாஸ்தி. கனமா இருந்தா கம்பி ஓரத்து இழையத்தான் புடிக்கும், நடுவுல இருக்கறத புடிக்காது, உருட்டும்போது அதுதான் மொதல்ல கொட்டும். பத்துப் பேருக்கு கொட்டுதுன்னா எட்டுப் பேருக்கு காரணம் இதுதான்னு நான் பாத்த வரைக்கும் சொல்லுவேன்.

கம்பிய ரெண்டா மடிச்சு, மடிப்புப் பக்கம் ரெண்டு மூணு முறுக்கு போட்டு, ஒரு கால் திரைக்கு முன்னாடி ஒரு கால் பின்னாடி வர்ற மாதிரி குறுக்க சொருகுங்க. இன்னொரு நுனியையும் இழுத்து முறுக்குங்க, இழைய கவ்விப் புடிக்கற அளவுக்கு இறுக்கமா. அடுத்த கம்பிய எவ்ளோ கீழ போடணுங்கறதுக்கு ஒரு கணக்கு இருக்கு, இத யாரும் வெளக்கமா சொல்றதில்ல. ரெண்டு கம்பிக்கும் நடுவுல சரிபாதில வெட்டுவோம், அப்போ கம்பிக்கு மேல பாதி கீழ பாதி இழை நிக்கும், அதனால ரெண்டு கம்பிக்கு இருக்கற எடவெளி எவ்ளோவோ அதான் திரியோட குறுக்களவு. 2 சென்டிமீட்டர் விட்டா 2 சென்டிமீட்டர் தடிமன்ல திரி. நீங்க அனேகமா 3, 4 விட்டிருப்பீங்க, பாட்டில் பிரஷ் வந்தது அப்படித்தான். சின்ன இதழுக்கு ஒன்னு ஒன்னர சென்டிமீட்டர் போதும்.

நிறமும் இங்கயே முடிஞ்சிரும். இழை செங்குத்தா தொங்குது, கம்பி படுக்கையா போகுது, அதனால பக்கத்துல பக்கத்துல என்ன நிறம் தொங்க விடறீங்களோ அதே வரிசைலதான் திரியோட நீளத்துல நிறம் வரும். வெள்ள, லைட் ரோஸ், அடர் ரோஸ்னு தொங்கவிட்டு எல்லைல ஒன்னோட ஒன்ன கலந்து சீவினீங்கன்னா, நுனில வெளுத்து அடில செவந்த இதழ் தானா வரும், பெயின்ட் எதுவும் தேவையில்ல.

வெட்டினதும் துண்டு தட்டையா ரிப்பன் மாதிரி இருக்கும். ரெண்டு சின்ன பலகைக்கு நடுவுல கம்பி நுனிய வச்சு ஒரே திசைல தள்ளி உருட்டுங்க, முன்னயும் பின்னயும் உருட்டினா முறுக்கு ஏறாது, இறங்கும். இழை விரிஞ்சு மெதுமெதுவா உருண்டையாகும், பாக்கறதுக்கு ஒரு புழு உடம்ப உப்பிக்கிட்டு எழுந்திரிக்கற மாதிரி இருக்கும், எனக்கு இத்தன வருஷம் கழிச்சும் அத பாக்க சலிக்கல. சுத்திலும் சமமா நின்னதும் ரெண்டு வெரலால லேசா புடிச்சு இழுத்துப் பாருங்க, நாலஞ்சு இழை வந்தா பரவால்ல, கொத்தா வந்தா இன்னும் முறுக்கணும். கம்பி அங்கங்க சுருண்டு புடைக்க ஆரம்பிச்சா நிறுத்திருங்க, அடுத்தது அறுந்துரும்.

அதுக்கப்புறம் கத்தரிக்கற வேல. நீங்க அனேகமா இதப் பண்ணவே இல்ல. திரிய எடது கைல புடிச்சு வெரலால சுத்திக்கிட்டே இருக்கணும், வலது கைல இருக்கற கத்தரி சாஞ்ச மாதிரி ஒரே எடத்துல நின்னு வெட்டணும், கத்தரி சுத்தக்கூடாது, திரிதான் சுத்தணும். நுனிய பென்சில் சீவின மாதிரி கூராக்கினா இல, ரெண்டு பக்கமும் ஒல்லியா நடுவுல பருமனா விட்டு மடிச்சா இதழ். கத்தரி நல்ல கூரா இருக்கணும், பேப்பர் வெட்டினத இதுக்கு எடுக்காதீங்க.

ஸ்ட்ரெயிட்னர் கண்டிப்பா வேணுமான்னா, வேண்டாம். பழைய நான்ஜிங் பூக்கள் எல்லாம் உருண்டையா கொழுகொழுன்னுதான் இருக்கும், அதான் அதோட லட்சணம்னு நான் நெனைக்கறேன். ஸ்ட்ரெயிட்னரால தட்டையா அழுத்தின இதழ் பின்னாடி வந்த பாணி, உண்மையான பூ மாதிரி தெரியணும்னு பண்றாங்க. உங்களுக்கு அது புடிச்சிருந்தா 150 டிகிரி பக்கத்துல வச்சு ஒரு தடவ அழுத்தி எடுங்க, தண்ணி கலந்த வெள்ள கோந்த லேசா தடவி வடிவமா வெட்டுங்க. உள்ள இருக்கற செம்பும் சூடாகும், ஒடனே வெறும் கையால தொட்ராதீங்க.

கோக்கறது உங்களுக்கு நான் சொல்லித்தரவே வேண்டாம், வளையல்ல நூல் சுத்தற கை அது. இதழ் காம்பு எல்லாத்தையும் ட்வீசர்ல சேத்துப் புடிச்சு பட்டு நூலால இறுக்கி சுத்தி கொண்டை ஊசில கட்டணும், அவ்ளோதான். மொதல்ல அஞ்சு இதழ் பிளம் பூ பண்ணுங்க. வீடியோல பாத்து பியோனிங்கற அடுக்குப் பூவுக்கு போயிராதீங்க, அதுக்கு ஒரே அளவுல நெறைய திரி வேணும், இப்போ உங்களுக்கு ரெண்டு திரி ஒரே மாதிரி வராது.

இன்னொன்னு, உங்ககிட்ட மிச்சமிருக்கற விஸ்கோஸ் நூல தூக்கிப் போட வேண்டாம். சான்ஹுவான்னு சைனால இன்னொரு பூ இருக்கு, கெட்டி அட்டைய இதழ் வடிவத்துல வெட்டி, கம்பியோட சேத்து நூலால தட்டையா நெருக்கமா சுத்தறது. ஹூபெய் மாகாணத்து இங்ஷான் அதுக்குப் பேர்போன ஊர், ஃபூஜியன், தைவான் பக்கம் கல்யாணத்துல பொண்ணு தலைல, அம்மா தலைல வைக்கற பூவும் இந்த வகதான். வளையல்ல நீங்க அஞ்சு வருஷமா பண்றது கிட்டத்தட்ட அதே கை வேல, ஒரு வாரத்துல விக்கற தரத்துக்கு வந்துருவீங்க. விக்கும்போது மட்டும் விஸ்கோஸ்னா விஸ்கோஸ்னே சொல்லி வித்துருங்க, பட்டுன்னு சொல்லாதீங்க. ரோங்ஹுவான்னா நான்ஜிங் வேலன்னும் சொல்லுங்க, அந்த ஊர் ஆளுங்க காப்பாத்தி வச்ச வேல அது.

பண்ண பூவ எங்கயும் அழுத்தாம உயரமான டப்பால வைங்க, வெயில்ல வச்சா பட்டு வெளுத்துரும். நசுங்கிப்போனா கெட்டில் ஆவில கொஞ்ச தூரத்துல ரெண்டு செகண்ட் காட்டி, காஞ்ச பல் பிரஷ்ஷால அடில இருந்து நுனிக்கு தட்டி விடுங்க, எந்திரிச்சு நிக்கும்.