கேரியர் பொருந்தும், பாரம் தாங்குமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: சரளைப் பாதையிலும் ஓடும் ஸ்டீல் கிராவல் சைக்கிள் வாங்கி, டென்ட், அடுப்பு, படுக்கை எல்லாம் கட்டிக்கொண்டு பல நாள் பயணம் போவது. மற்றவற்றை அடுத்த முறைக்கு வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஸ்டீல் ஃபிரேம், முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் கார்பன். ஃபோர்க்கின் இரு பக்கமும் மும்மூன்று மரைத் துளைகள் இருக்கின்றன. பக்கத்துக்கு 6 கிலோ கட்டலாமா? "துளை இருக்கே, தாராளமா கட்டுங்க" என்கிறார் விற்றவர்.

பதில்: கட்டாதீர்கள். எவ்வளவு எடை என்பதைத் துளை சொல்லாது, தயாரிப்பாளரின் கையேடுதான் சொல்லும். இந்த மாதிரி கார்பன் ஃபோர்க்குகள் பலவற்றில் பக்கத்துக்கு 3 கிலோ என்றுதான் போட்டிருப்பார்கள். ஸ்டீல் ஃபோர்க்கில் பாரம் மிஞ்சினால் பெரும்பாலும் முதலில் வளையும், கண்ணுக்குத் தெரியும். கார்பன் உள்ளுக்குள் விரிசல் விட்டுக்கொண்டே வந்து ஒரு நாள் சட்டென்று முறியும். முன்பக்கம் முறிந்தால் கையை ஊன்றக்கூட நேரம் கிடைக்காது. கையேட்டில் இன்னொரு எண்ணையும் தேடுங்கள், ஆள், சைக்கிள், சாமான் எல்லாம் சேர்த்து மொத்தம் எத்தனை கிலோ என்று இருக்கும். 80 கிலோ ஆள், 13 கிலோ சைக்கிள், 20 கிலோ சாமான், 4 லிட்டர் தண்ணீர் என்றால் 117 கிலோ ஆகிவிட்டது. சாமான் கட்டத்தான் வாங்குகிறேன் என்று கடையில் சொல்லியிருந்தீர்கள் என்றால், அதே உயரமுள்ள ஸ்டீல் ஃபோர்க் மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். கேட்பதில் தயக்கமே வேண்டாம், தவறான வாக்குக் கொடுத்தது அவர்.

கேள்வி: கேரியர் செலவை மிச்சம் பிடிக்க எல்லாவற்றையும் முதுகுப் பையில் போட்டுக்கொண்டு போனால் என்ன?

பதில்: போகாதீர்கள். பாரத்தைச் சைக்கிள் சுமக்கட்டும்.

கேள்வி: பழைய சைக்கிள் ஒன்றை "முழுக் குரோமோலி" என்று சொல்லி விற்றார்கள், ஃபிரேமில் ஸ்டிக்கரும் இருக்கிறது. பட்டறையில் காட்டியபோது ஃபோர்க் சாதாரண இரும்பு என்கிறார்கள். விற்றவரோ காந்தத்தை ஒட்டிக் காட்டி, "ஸ்டீல் எல்லாம் ஸ்டீல்தான்" என்கிறார். ஏமாந்துவிட்டேனா?

பதில்: ஏமாற்றப்பட்டீர்கள். உங்கள் மேல் தப்பில்லை, இந்த ஸ்டிக்கர் விவகாரத்தில் விவரம் தெரிந்தவர்களே விழுந்திருக்கிறார்கள். காந்தம் இரண்டிலும் ஒட்டும், அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. குரோமோலி என்பது குரோமியமும் மாலிப்டினமும் சேர்த்த ஸ்டீல், 4130 என்ற எண்ணில் விற்பதுதான் அதிகம். சாதாரண ஹைட்டென் ஸ்டீலை விட இது வலுவானது. விறைப்பு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் வலு கூடுதல் என்பதால் குழாயின் சுவரை மெல்லியதாக இழுக்கலாம், முனைகளை மட்டும் தடிமனாக விட்டு நடுவில் 0.6 மி.மீ வரைகூட. எடை குறைவதும், பாரத்தோடு போகும்போது ஒரு நெகிழ்வு தெரிவதும் அந்த மெல்லிய சுவரால்தான். இப்போது ஸ்டிக்கருக்கு வருகிறேன். "குரோமோலி" என்ற ஒரே சொல் ஃபிரேம் முழுவதையும் குறிக்கலாம், மூன்று முக்கியக் குழாய்களை மட்டும் குறிக்கலாம், சீட்டுக்குக் கீழே உள்ள ஒற்றைக் குழாயையும் குறிக்கலாம். பின்சக்கரத்தைப் பிடிக்கும் பின் முக்கோணமும் ஃபோர்க்கும் ஹைட்டென்னாக இருந்தாலும் ஸ்டிக்கரில் எழுதியது பொய்யாகாது என்று வாதாடுவார்கள். பிரிட்டிஷ் குழாய் நிறுவனமான ரெனால்ட்ஸ் 1935-இல் 531 என்ற ஸ்டீல் குழாய்களைக் கொண்டுவந்தது. அந்த ஸ்டிக்கர்களில் ஃபிரேம் குழாய்கள் மட்டுமா, ஃபோர்க்கும் பின் முக்கோணக் குழாய்களும் சேர்த்தா என்பது தனித்தனி வாசகமாக இருக்கும். அத்தனை காலத்துக்கு முன்பே செய்ய முடிந்த நேர்மையை இப்போது ஏன் செய்ய முடியவில்லை என்பதுதான் என் ஆத்திரம். ஹைட்டென் கெட்ட பொருள் இல்லை, அதில் எத்தனையோ பேர் மூட்டை மூட்டையாகச் சுமந்திருக்கிறார்கள். குரோமோலி விலைக்கு அதை விற்பதுதான் குற்றம். வாங்கும் முன் அந்த மாடல், அந்த ஆண்டின் விவரப் பட்டியலைத் தேடி ஃபிரேம், பின் முக்கோணம், ஃபோர்க் மூன்றுக்கும் எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். உங்கள் விஷயத்தில் விற்பனை விளம்பரத்தின் படத்தைப் பத்திரப்படுத்துங்கள், பட்டறைக்காரர் சொன்னதை எழுத்தில் வாங்குங்கள், விலையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: முன்னால் 40 பல், பின்னால் 11-42, 11 கியர். ஏற்றத்தில் முட்டி வலிக்கிறது. இணையத்தில் 10-51 கேசட் (பின் பல்சக்கரத் தொகுதி) ஒன்றைத் தள்ளுபடியில் வாங்கிவிட்டேன், ஏறவே மாட்டேன் என்கிறது. என்ன செய்ய?

பதில்: திருப்பி அனுப்புங்கள். வாங்குவதற்கு முன் கேட்டிருந்தால் இந்தப் பதிலே தேவைப்பட்டிருக்காது. ஷிமானோவின் 10-51 என்பது 12 கியர் கேசட், அது உட்கார மைக்ரோ ஸ்ப்லைன் என்ற வகை ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) வேண்டும், உங்கள் சக்கரத்தில் இருப்பது வேறு. ஹப்பை மாற்றினாலும் சங்கிலியைப் பல் மாற்றும் உங்கள் டெரெய்லர் 42 பல் வரைக்கும் செய்தது, கியர் லிவரோ 11 கியருக்கு. ஒன்றைத் தொட்டால் நான்கை மாற்ற வேண்டும், தள்ளுபடியில் மிச்சமானது போல மூன்று மடங்கு போய்விடும். பெடல் மாட்டிய கையான உங்கள் கிராங்கில் இடம் கொடுத்தால் முன் பல்சக்கரத்தை 40-இலிருந்து 36 ஆக்குங்கள். எல்லாக் கியரும் 10 சதவீதம் லேசாகும். அப்புறம், சாமானில் 3 கிலோவைக் குறையுங்கள், அதற்குக் காசே வேண்டாம்.

கேள்வி: 25 கிலோ தாங்கும் என்று அச்சடித்த அலுமினியக் கேரியர், 14 கிலோவில், மூன்றாவது வாரமே முறிந்தது. "ஓவர்லோடு" என்று கடையில் கையை விரிக்கிறார்கள்.

பதில்: விடாதீர்கள். முறிந்த இடத்தைத் துடைக்காமல், தேய்க்காமல் கிட்டத்தில் படம் எடுங்கள். கேரியரில் 25 என்று இருக்கும் இடத்தையும், பைகளைத் தராசில் வைத்தும் படம் எடுங்கள். மூன்றையும் சேர்த்து எழுத்தில் புகார் கொடுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம்.

எனக்கும் இதே கதை நடந்தது. விலையைப் பார்த்து ஒரு கேரியர் வாங்கினேன். கீழ்க்காலும் தட்டும் சேரும் வெல்டிங்கை ஒட்டி, கறுப்புப் பெயிண்டின் மேல் தலைமுடி கனத்தில் ஒரு கோடு இருந்தது. ஏதோ கீறல் என்று கட்டைவிரலால் துடைத்துவிட்டுக் கிளம்பினேன். மறுநாள் இறக்கத்தில் அந்தக் கால் விட்டுப்போய், இடப்பக்கப் பை ஸ்போக்ஸுக்குள் சாய்ந்தது. பையின் கொக்கி ஐந்து கம்பிகளை வளைத்துச் சக்கரத்தை நிறுத்தியது. தோள் சரியாக இரண்டு மாதம் ஆனது. அதிலிருந்து 10 மி.மீ ஸ்டீல் குழாயில் செய்த கேரியர்தான் வாங்குகிறேன். கால் சேரும் இடத்தைத் தினமும் காலையில் விரலால் தடவிப் பார்க்கிறேன், போல்ட்டுகளுக்கு மரைப் பசை போடுகிறேன், நான்கு உதிரி 5 மி.மீ போல்ட் எப்போதும் கருவிப் பையில் இருக்கும். ஸ்டீல் கால் முறிந்தாலும் ஏதோ ஒரு வெல்டிங் பட்டறையில் ஒட்டிவிடலாம், அலுமினியத்தை ஒட்டுகிறவரைத் தேட வேண்டியிருக்கும்.

கேள்வி: பெரிய பக்கப் பைகள் வாங்கினேன். பெடல் மிதிக்கும்போது குதிகால் இடிக்கிறது.

பதில்: பையை வாங்கும் முன் சைக்கிளை அளந்திருக்க வேண்டும். கிராவல் சைக்கிளில் கிராங்க் சுற்றும் அச்சிலிருந்து பின்சக்கர அச்சு வரை 42, 43 செ.மீதான் இருக்கும், டூரிங் சைக்கிள்களில் 45, 46. கொக்கிகளைப் பின்னால் தள்ளி, பையின் கீழ் முனை பின்புறமாகச் சரியும்படி மாட்டிப் பாருங்கள். அப்படியும் இடித்தால் சின்னப் பைக்கு மாற்றுங்கள்.

கேள்வி: இரட்டைக் கால் ஸ்டாண்டு போடலாமா?

பதில்: ஃபிரேமில் அதற்கென்று தட்டு வைத்திருந்தால் மட்டும். மெல்லிய பின் குழாய்களை இறுக்கிப் பிடிக்கும் ஸ்டாண்டு அவற்றை நசுக்கிவிடும்.

கேள்வி: "மைனஸ் 5" என்று போட்ட ஸ்லீப்பிங் பேக்கில், 4 டிகிரி இரவில் விடிய விடிய நடுங்கினேன். பொய்யா இது?

பதில்: பொய்க்கு ரொம்பப் பக்கத்தில். ஐஎஸ்ஓ 23537 என்ற தரப்படி குளிருக்கு மூன்று எண்கள் உண்டு: நிம்மதியாகத் தூங்கும் அளவு, சுருண்டு படுத்துச் சமாளிக்கும் அளவு, உயிர் தப்பும் அளவு. பையின் முகப்பில் பெரிதாக அச்சாவது பல நேரம் இரண்டாவது, சிலர் துணிந்து மூன்றாவதையே போடுகிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது முதலாவதை மட்டும். உள்ளே தைத்த சின்ன லேபிளில் இருக்கும், கடையிலேயே பையைப் பிரித்துப் படியுங்கள். இன்னொன்று, கீழே என்ன விரித்திருந்தீர்கள் என்று எழுதவில்லை. உடலுக்கு அடியில் நசுங்கிய பஞ்சு சூட்டைப் பிடிக்காது, தரையின் குளிர் அப்படியே ஏறும். மெல்லிய பாயாக இருந்தால் பாதிக் குற்றம் அதன்மேல்.

கேள்வி: 24 ஸ்போக்ஸ் சக்கரம். பின்பக்கம் மூன்று முறை கம்பி அறுந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு கம்பி மட்டும் மாற்றினேன்.

பதில்: இனி மாற்றாதீர்கள், மற்ற கம்பிகளும் அதே அளவு களைத்திருக்கும். 32 அல்லது 36 துளை ஹப்பில் புதுச் சக்கரம் கட்டச் சொல்லுங்கள், கட்டுகிறவரிடம் பின்னால் எத்தனை கிலோ ஏற்றுவீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: டென்டை ஹேண்டில்பாரில் கட்ட ஆசை. கம்பிகள் வளைவுகளுக்கு நடுவே நுழையவில்லை.

பதில்: நுழையாது. மடக்கிய கம்பி 45 செ.மீக்கு மேல் இருந்தால் வளைந்த ஹேண்டில்பாரில் பிரேக் லிவரை இடிக்கும். துணியை மட்டும் முன்னால் சுருட்டிக் கட்டுங்கள், கம்பிகளைத் தனியாக எடுத்து ஃபிரேமின் மேல் குழாயோடு மூன்று இடத்தில் வார் போட்டுக் கட்டுங்கள், உராயும் இடத்தில் பழைய டியூப் துண்டு ஒன்றைச் சுற்றிவிட்டு.