ஷவர் கேள்வி பதில்: முதல்ல வாளி

மதுரைப் பக்கம் 24 வருஷமா பிளம்பிங் வேலை பார்க்கிறேன். ஷவர் வாங்குறதைப் பத்திக் கேளுங்க. கேட்கிறதுக்கு முன்னாடி ஒரு வேலை: பழைய ஷவரைக் கழட்டிட்டு, அந்தக் குழாய்க்குக் கீழ 10 லிட்டர் வாளியை வெச்சு முழுசாத் திறங்க. வாளி நிறையறதுக்கு எவ்வளவு நேரம் ஆகுதுன்னு குறிச்சுட்டு வாங்க.

தாம்பரம், தனி வீடு: அண்ணே, 8 இஞ்ச் ரெயின் ஷவர் ஆன்லைன்ல வாங்கினேன். வீடியோல மழை மாதிரி கொட்டுது. எங்க வீட்ல ஒரு ஓரமா ஒழுகுது. டூப்ளிகேட்டா?

டூப்ளிகேட் இல்லைங்க, உயரம் பத்தலை. டேங்க் தண்ணி சுமார் 33 அடி மேல நின்னாத்தான் கீழ 1 பார் அழுத்தம் கிடைக்கும். உங்க கூரை 10 அடி, டேங்க் மேடை 3 அடின்னு வெச்சுக்கோங்க. ஷவர் 7 அடியில இருக்கும். அப்போ நடுவுல மிச்சம் 6 அடி சொச்சம்தான், 0.2 பார்கூட முழுசாத் தேறாது. அந்த மாதிரி பெரிய ஷவர் பலதுக்கு 1 பாராவது வேணும்னு டப்பாவிலேயே போட்டிருப்பான், யாரும் படிக்கிறதில்லை. 4 இஞ்ச்ல, ஓட்டை கம்மியா இருக்கிறதா மாத்துங்க. இதேதான் வேணும்னா பிரஷர் பம்ப் போடணும்.

பம்ப் போடுறவங்க எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லிடறேன். பச்சைத் தண்ணி லைனுக்கு மட்டும் பம்ப் போட்டுட்டு, கீசர் லைனை டேங்க்ல இருந்து நேரா விடாதீங்க. பச்சைத் தண்ணியும் வெந்நீரும் கலக்குற மிக்சர் குழாயைத் திறந்தா அழுத்தம் கூடின பச்சைத் தண்ணி வெந்நீரைப் பின்னாடி தள்ளிரும். ‘கீசர் ரிப்பேர்’னு எனக்கு வர்ற போன்ல பாதி இதுதான். ரெண்டு லைனுக்கும் ஒரே பம்ப்ல இருந்து தண்ணி போகணும்.

கோவை: போர் தண்ணி. ஆறே மாசத்துல ஓட்டையெல்லாம் வெள்ளையா அடைச்சுக்குது. ஷவர்ல மாட்டுற ஃபில்டர் போட்டா உப்பு போயிருமா?

போகாது. அந்தச் சின்ன ஃபில்டர் மண்ணைப் பிடிக்கும், சிலது குளோரினைக் குறைக்கும். கரைஞ்சிருக்கிற சுண்ணாம்பை அதால ஒண்ணும் பண்ண முடியாது. அதுக்கு சாஃப்ட்னர் வேணும். அப்பப்போ உப்புப் போட்டுக் கழுவிவிடணும். சாஃப்ட்னர் போட்டும் டிடிஎஸ் மீட்டர்ல நம்பர் குறையலைன்னு கடைக்காரரோட சண்டைக்குப் போகாதீங்க, குறையாது. மீட்டர் காட்டுறது மொத்த உப்பு. சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துட்டு சோடியத்தை விடுது, அவ்வளவுதான்.

ஷவர் வாங்கும்போது ஓட்டை ஒவ்வொண்ணுலயும் ரப்பர் மாதிரி சிலிக்கோன் காம்பு இருக்கான்னு பாருங்க. கட்டை விரலால தேய்ச்சாலே சுண்ணாம்பு பொலபொலன்னு உதிரும். ஏற்கெனவே அடைச்சிருந்தா, பிளாஸ்டிக் பையில வினிகரை ஊத்தி, ஷவர் முங்குற மாதிரி ரப்பர் பேண்டால கட்டி ஒரு மணி நேரம் விடுங்க. கக்கூஸ் கழுவுற ஆசிட் மட்டும் வேண்டாம். பளபளப்பு மொத்தமா உரிஞ்சு வரும், நான் பார்த்திருக்கேன்.

சேலம்: இந்தத் தண்ணியால முடி கொட்டுதே அண்ணே?

தோல் டாக்டர்கிட்ட கேளுங்க.

சென்னை, மேல் மாடி ஃப்ளாட்: நல்ல ஷவர் ஒண்ணு சொல்லுங்க சார்.

டேங்குக்கு நேர் கீழ இருக்கிற மாடியில அழுத்தம் கம்மியா இருக்கும். வாளி வெச்சுப் பார்த்தீங்களா? ஒரு நிமிஷத்துக்குள்ள நிறைஞ்சா தாராளம். ஒண்ணுல இருந்து ரெண்டு நிமிஷம்னா 4 இஞ்ச். அதுக்கும் மேல போனா ஷவரை விட்டுட்டு லைனைப் பாருங்க.

திருச்சி: அண்ணே, தப்பா நினைக்காதீங்க. உயரம் உயரம்னு சொல்றீங்க. எங்க மச்சான் டேங்க்ல இருந்து இறங்குற முக்கால் இஞ்ச் பைப்பை ஒண்ணேகால் ஆக்கினார். பிரஷர் எகிறிருச்சு. நானே கண்ணால பார்த்தேன்.

நீங்க பார்த்தது பிரஷர் இல்லை தம்பி, ஓட்டம். எல்லாக் குழாயையும் மூடிட்டு ஷவர் பாயிண்ட்ல பிரஷர் கேஜ் மாட்டுங்க. அரை இஞ்ச் பைப்னாலும் நாலு இஞ்ச் பைப்னாலும் முள் ஒரே இடத்துலதான் நிக்கும்.

திருச்சி: குழாயை மூடிட்டு யாரு அண்ணே குளிப்பா?

நல்லாக் கேட்டீங்க. திறந்து தண்ணி ஓடும்போதுதான் உராய்வு தின்னும். ஒரே அளவு தண்ணி ஓடினா, பைப் விட்டத்தை ரெண்டு மடங்கு ஆக்கும்போது உராய்வு நஷ்டம் கிட்டத்தட்ட 32-ல ஒரு பங்கா இறங்கிரும். அதனால மச்சான் செஞ்சது சரியான வேலை. அவர் சொல்ற காரணம்தான் தப்பு.

விழுப்புரம்: அப்போ 1000 லிட்டர் டேங்கை 2000 ஆக்கினா? எடை ரெண்டு மடங்காச்சே.

ஆகாதுங்க. கிணத்துக்குள்ள 10 அடி முங்கினாலும் சமுத்திரத்துல 10 அடி முங்கினாலும் காது ஏறக்குறைய ஒரே மாதிரிதான் அடைக்கும். பெரிய டேங்க் ஒரு அடி கூடுதல் உயரமா இருந்தா 0.03 பார் கிடைக்கும். அதுக்குப் பதிலா மேடையை 3 அடி தூக்குங்க.

திருச்சி: அப்ப மச்சான்கிட்ட என்ன சொல்ல?

பைப் வேலை சூப்பர்னு சொல்லுங்க. பிரஷர் பேச்சை எடுக்காதீங்க.

மதுரை: 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசருக்கு ரெயின் ஷவர் சரிவருமா?

வராது. 3 கிலோவாட் கீசர் நிமிஷத்துக்கு 2 லிட்டர் ஓட்டத்துல தண்ணியை 21 டிகிரி ஏத்தும். 8 லிட்டர் ஓடினா 5 டிகிரிதான். 25 லிட்டர் ஸ்டோரேஜ் கீசர் போடுங்க. எதைப் போட்டாலும் எர்த் சரியா இருக்கணும், கரண்ட் கசிஞ்சா உடனே கட் பண்ற 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி இருக்கணும். தண்ணியும் கரண்டும் ஒரே ரூம்ல இருக்கு, மறந்துடாதீங்க.

தஞ்சாவூர்: அம்மாவுக்கு 78 வயசு. உட்கார்ந்துதான் குளிக்கிறாங்க.

ஹேண்ட் ஷவர், நீளமான ஹோஸ், உட்கார்ந்தபடி கைக்கு எட்டுற உயரத்துல ஒரு கொக்கி. ஷவரை மேல கீழ நகர்த்துற கம்பி ஒண்ணு சேர்த்துத் தருவாங்க. அதைப் பிடிச்சு எந்திரிக்க விடாதீங்க, கையோட பிடுங்கிட்டு வந்துரும். எந்திரிக்கிறதுக்குத் தனியா, ஆள் எடை தாங்குற கைப்பிடியைச் சுவத்துல ஆழமா அடிச்சுக் கொடுங்க.

ஈரோடு: எந்த ஷவர் நல்லது?

வாளி.

நாகர்கோவில்: 6 இஞ்ச்சா 8 இஞ்ச்சா அண்ணே?

வாளி வெச்சீங்களாய்யா? மேல படிங்க.

கரூர்: பித்தளையா ஏபிஎஸ் பிளாஸ்டிக்கா?

சுவத்துல இருந்து ஷவரைத் தாங்குற ஆர்ம் மட்டும் உலோகத்துல இருக்கட்டும். தலை ஏபிஎஸ் போதும்.

திருச்சி: அண்ணே, நான் வெச்சுட்டேன். ரெண்டு நிமிஷம் அம்பது செகண்ட்.

நீங்களாவது செஞ்சீங்களே. அது 10 லிட்டர் வாளியா, 16 லிட்டரா?

திருச்சி: ...அளவு போடலையே அண்ணே. பெருசு.